புதிய எஸ்.எஸ்.டி. பொருத்தியும் லைட்ரூம் இழுக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை முகூர்த்தங்கள் முடியும் வேளையில் சேலத்து ஸ்டூடியோக்களில் கணினிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து ரோடு பக்கம் நான் ஆல்பம் வடிவமைக்கும் அறைக்கு அந்த நாள்களில் வரும் நண்பர்களில் பலர், பல ஆயிரம் ரூபாய் செலவழித்து, ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவான எஸ்.எஸ்.டி.யைப் புதிதாகப் பொருத்திய பின்பும், படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் பழையபடியே இழுக்கிறது என்று வருந்துகிறார்கள். வாங்கிய பொருளில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. எந்த வேலை டிரைவுக்காகக் காத்திருக்கிறது, எந்த வேலை பிராசஸருக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்காமல் வாங்கியதே முதல் தவறு.

அதைக் கண்டறியக் காசு எதுவும் செலவாகாது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமான வேலையைச் செய்து பார்த்தால் போதும். படங்களைப் புரட்டும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நின்றால் வேகமான டிரைவ் நிச்சயம் உதவும். எக்ஸ்போர்ட் செய்யும்போது சி.பி.யு. முட்டிக்கொண்டு டிஸ்க் சும்மா கிடந்தால், எவ்வளவு விலை கொடுத்து டிரைவ் வாங்கினாலும் நேரம் குறையாது. நொடிக்கு 150 எம்.பி. படிக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க்கே, கேமரா தரும் பதப்படுத்தாத மூலப் படமான 30 எம்.பி. ரா கோப்பு ஒன்றை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். அதை விரித்து, நிறம் திருத்தி, ஜேபெக்காக மாற்றுவது பிராசஸரின் பொறுப்பு. படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் ஏ.ஐ. டினாய்ஸ் போன்றவை கிராபிக்ஸ் கார்டை நம்பியிருப்பவை.

நான் அடிக்கடி காணும் தவறு, ரா கோப்புகளையெல்லாம் புதிய எஸ்.எஸ்.டி.யில் கொட்டிவிட்டு, லைட்ரூம் கேட்டலாக்கைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே விட்டுவிடுவது. சி டிரைவ் நிரம்பிவிடும் என்ற அச்சத்தில் என்றோ டி டிரைவுக்கு மாற்றியிருப்பார்கள். பிறகு அது நினைவிலேயே இருக்காது. கேட்டலாக் என்பது ஒரு தரவுத்தளம். ஒவ்வொரு படத்தைத் தொடும்போதும் அதில் ஆங்காங்கே சிறு சிறு துண்டுகளாகப் படிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் முள் ஒவ்வொரு துண்டுக்கும் நகர்ந்து சென்று சேர ஏறத்தாழ 10 மில்லிநொடி பிடிக்கிறது, எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. வேகத்தின் உண்மையான பலன் கிடைக்கும் இடம் இதுதான். ஆகவே இடம் குறைவாக இருந்தால் கேட்டலாக், அதன் அருகிலேயே இருக்கும் ப்ரிவியூ (முன்தோற்ற) கோப்புறைகள், ரா படங்களின் தற்காலிகத் தரவை வைக்கும் கேமரா ரா கேஷ் ஆகிய மூன்றையும் எஸ்.எஸ்.டி.க்குக் கொண்டுவந்துவிட்டு, ரா கோப்புகளை ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்திருப்பதில் பெரிய இழப்பு இல்லை. லைட்ரூமை மூடிவிட்டுத்தான் கேட்டலாக்கை நகலெடுக்க வேண்டும்.

போட்டோஷாப்பின் கணக்கு வேறு. 12க்கு 36 அங்குல ஆல்பம் தாள் ஒன்றை 300 டி.பி.ஐ.யில் திறந்தால் 3,600க்கு 10,800 புள்ளிகள்; முழுத் தாளையும் நிரப்பும் ஒரு லேயருக்கே ஏறத்தாழ 117 எம்.பி. ஆகிறது. இருபது லேயர்களும் ஹிஸ்டரியும் சேரும்போது 8 ஜி.பி. ரேம் திணறி, மிச்சத்தை ஸ்கிராட்ச் டிஸ்க்கில், அதாவது டிரைவில் உள்ள தற்காலிக இடத்தில், எழுதத் தொடங்கும். அந்த ஸ்கிராட்ச் டிஸ்க் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் பிரஷ் நகரும்போதே தடுமாற்றம் தெரியும். அதை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது நல்லதுதான். ஆனால் ரேமை 16 ஜி.பி.யோ அதற்கு மேலோ உயர்த்தாமல் டிரைவை மட்டும் மாற்றுவது பாதி மருந்து.

தரவு வந்து சேரும் வழித்தடத்தை மறப்பது இன்னொரு தவறு. ஒரு கல்யாணத்தில் 3,000 ரா படங்கள் என்றால் சுமார் 90 ஜி.பி. பழைய யு.எஸ்.பி. 2.0 கார்டு ரீடரில் நொடிக்கு 35 எம்.பி. வீதம் இறக்கினால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். உள்ளே நொடிக்கு 7,000 எம்.பி. வேக என்.வி.எம்.இ. (அதிவேக எஸ்.எஸ்.டி. வகை) டிரைவ் இருந்தாலும் அந்த நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. வேகம் கூடிய யு.எச்.எஸ்.-2 வகை மெமரி கார்டை அதற்கு முந்தைய யு.எச்.எஸ்.-1 வகை ரீடரில் செருகினாலும் நொடிக்கு 104 எம்.பி.க்கு மேல் ஏறாது. நல்ல ரீடரும் அதற்குரிய கேபிளும் டிரைவின் விலையில் சிறு பகுதிதான். சிறு பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருப்பதாலேயே லேப்டாப் என்.வி.எம்.இ.யை ஏற்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. சில பழைய லேப்டாப்களில் அந்த ஸ்லாட் வேகம் குறைந்த சாட்டா வகை டிரைவை மட்டுமே ஏற்கும், அதன் உச்சம் நொடிக்கு 550 எம்.பி. அளவே. படத்திருத்தத்துக்கு அதுவே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

வெயிலும் கணக்கில் சேரும். ஏற்காட்டு அண்ணா பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சியைப் படம் எடுத்துவிட்டு, மலையிலேயே தங்கிய இரவில் கையடக்க எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்தபோது கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடியது. மறுநாள் மதியம் சேலத்தில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், அதே டிரைவ் கைசுடச் சூடாகிப் பாதியிலேயே தளர்ந்தது. சூடு எல்லை மீறும்போது தன்னைக் காத்துக்கொள்ள டிரைவே வேகத்தைக் குறைக்கிறது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடு இல்லாமல் என்.வி.எம்.இ. பொருத்துவதையும், லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து எக்ஸ்போர்ட் போடுவதையும் கோடையில் தவிர்க்க வேண்டும். விலை மலிந்த கியூ.எல்.சி. வகை டிரைவுகள் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது, அவற்றின் கேஷ் (வேகமான தற்காலிகப் பகுதி) நிரம்பியதும் ஹார்டு டிஸ்க்கைவிட மெதுவாகிவிடுவதும் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது காலியாக விட்டிருந்தால் அந்தச் சரிவு தள்ளிப்போகும்.

இவை எல்லாம் நேரத்தை மட்டும் வீணாக்குபவை. படத்தையே இழக்கச் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது என்று பழைய ஹார்டு டிஸ்க்குகளை விற்றுவிடுகிறார்கள். ஹார்டு டிஸ்க் பல நேரங்களில் சத்தமிட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நாளில் நின்றுபோகலாம். அழித்த கோப்பின் இடத்தைத் துடைத்துவிடும் டிரிம் வசதி இயங்குவதால் தவறி அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் மிகக் கடினம். லைட்ரூம் எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டுமே இருக்கிறது, படங்கள் இல்லை என்பதை ஒரு கல்யாணத்தின் பந்தி வரிசைப் படங்கள் முழுவதையும் இழந்த பிறகே நான் அறிந்தேன். அந்தக் குடும்பத்துக்கு அதைச் சொல்லப் போன நாள் இன்றும் நெஞ்சில் இருக்கிறது. இப்போது எஸ்.எஸ்.டி.யில் வேலை நடக்கும்போதே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகல் ஏறிவிடுகிறது, அவற்றில் ஒன்று வீட்டில் இருக்கிறது, ஆல்பம் கைமாறும் வரை மெமரி கார்டுகளை நான் அழிப்பதில்லை.