செம்பனைத் தோட்டத்தில் இரவுப் படம்: ஃபிளாஷைக் குறைத்துப் பாருங்கள்

இரவில் காட்டு விலங்குகளைப் படம் எடுக்கணும் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எவ்வளவு பெரிய ஃபிளாஷ் வாங்கலாம் என்பதுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊரில் இருக்கிறவர்களுக்குப் பெரிய ஃபிளாஷ் தேவையே இல்லை. முசாங் என்கிற மரநாயும் முள்ளம்பன்றியும் சிறுத்தைப்பூனையும் செம்பனை (பாமாயில் மரம்) நிரைக்குள்ளேயே நடமாடுகின்றன, நாம் ஐந்து மீட்டர் தூரத்தில் சத்தம் போடாமல் உட்காரப் பழகிவிட்டால் சின்ன வெளிச்சமே போதும், விலங்கும் மிரளாது.

முதலில் இடத்தைப் பாருங்கள், அதுவும் பகலில். குலை வெட்டிய மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா, கடித்துப் போட்ட கொட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முசாங் எச்சம் பெரும்பாலும் செம்மண் பாதை ஓரத்தில் வெட்டவெளியிலேயே கிடக்கும். உள்ளே பழ நாரும் கொட்டையும் தெரியும், ஈரமாகப் பளபளத்தால் நேற்று ராத்திரிதான் அந்த வழியாகப் போயிருக்கிறது. வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்களே, அதற்குள் எலி குடியிருக்கும், எலியைத் தேடித்தான் சிறுத்தைப்பூனையும் கூகையும் வரும். அதனால் மட்டை அடுக்கு பாதையைத் தொடும் முனையில் உட்காருவது என் வழக்கம்.

அடுத்தது அனுமதி. தோட்டம் தனியார் நிலம், ஆபீஸில் சொல்லாமல் போகாதீர்கள். ஜாகாவிடமும், அதாவது காவல்காரரிடமும், தனியாகச் சொல்லுங்கள். இருட்டில் நிரைக்குள் டார்ச் அசைந்தால் குலை திருடுகிறவர்கள் என்றுதான் அவர் நினைப்பார், அது அவர் வேலை. "அண்ணே, இன்னிக்குப் பத்து மணி வரைக்கும் ஆத்தோரம் இருப்பேன், மோட்டார் சைக்கிள் இங்கேதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கு ஏதாவது ஆனால் தேடி வரவும் ஓர் ஆள் இருக்கிறார். பூட்ஸ் கட்டாயம், மட்டை அடுக்குக்குள் கையை விடவே கூடாது, நாகம் இருக்கும். யானை வந்து போகும் காட்டோரத் தோட்டமாக இருந்தால் இரவில் நடக்கவே வேண்டாம், கீழே சொல்லும் தானியங்கி முறையே சரி.

சரி, வெளிச்சக் கணக்கு. கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், ஐஎஸ்ஓ 100க்குக் கணக்கிட்டது. அது 40 உள்ள சாதாரண ஃபிளாஷை முழு சக்தியில் வைக்காமல் பதினாறில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். கைடு நம்பர் நாலில் ஒன்றாகி 10 ஆகும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800 வைத்தால் அது ஏறக்குறைய 28க்கு ஏறும், அதை லென்ஸ் துவாரம் எஃப் 5.6ஆல் வகுத்தால் 5 மீட்டர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் தூரம் அதுதான். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும், அதனால்தான் ஃபிளாஷைக் கூட்டுவதைவிட அருகில் இருப்பது லாபம் என்கிறேன். சக்தியைக் குறைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகவும் சுருங்கிவிடும், முசாங் நடந்துகொண்டிருந்தாலும் மீசை மயிர்கூடத் தெளிவாக நிற்கும், அடுத்த படத்துக்கும் உடனே தயாராகிவிடும். ஷட்டர் வேகம் வினாடியில் 200இல் ஒரு பங்கு இருக்கட்டும்.

கண் பளபளப்புதான் பலருக்குத் தலைவலி. முசாங், சிறுத்தைப்பூனை மாதிரி விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. கேமரா தலையில் மாட்டிய ஃபிளாஷ் லென்ஸுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும், ஐந்து மீட்டரில் அது கிட்டத்தட்ட ஒரே கோடு, அதனால் போன ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பி வந்து கண் இரண்டும் மோட்டார் ஹெட்லைட் மாதிரி எரியும். கம்பி இல்லாமல் ஃபிளாஷை இயக்கும் ரேடியோ ட்ரிகர் வாங்கி ஃபிளாஷைப் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டராவது தள்ளி, தலைக்கு மேல் உயரத்திலிருந்து கீழ்நோக்கி வையுங்கள். கண் கண்ணாகத் தெரியும், உடம்பில் நிழல் விழுந்து மயிரின் அடர்த்தியும் புள்ளியும் எழுந்து நிற்கும்.

தேடுவதற்கும் ஃபோகஸ் செய்வதற்கும் தலை விளக்கில் சிவப்பு வெளிச்சம் போதும். பெரும்பாலான பாலூட்டிகளின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். சிவப்பு விளக்கு இல்லையென்றால் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை டார்ச் மேல் கட்டினாலே நடக்கும். கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் உண்டு. எலி பிடிக்கக் கூகைக்குத் தோட்டத்தில் கம்பத்தில் பெட்டி வைத்திருப்பார்கள், அந்தப் பெட்டியை நோக்கி ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. நம் கண்ணுக்கே இருட்டு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகிறது. வேட்டைக்குக் கிளம்பும் பறவையின் முகத்தில் எதற்கு மின்னல் வெட்டணும்? தேவாங்கைக் கண்டால் டார்ச்சைக் கிளைமேல் அடித்து, அதன் ஓர வெளிச்சத்தில் ஒன்றிரண்டு எடுத்துவிட்டு நகருங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்புள்ள உயிர், கிளையை உலுக்கித் திரும்ப வைப்பதெல்லாம் வேண்டாம். எந்த விலங்கானாலும் தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி உறைந்து நின்றால், அன்றைக்கு ஃபிளாஷ் போதும்.

உட்கார நேரமில்லாதவர்கள் உடல் சூட்டை உணரும் சென்சாரைக் கேமராவோடு இணைத்து, விலங்குத் தடத்தில் முழங்கால் உயரத்தில் வைக்கலாம். சின்ன ஃபிளாஷ் இரண்டு போதும், ஒன்று முன்பக்கம் சாய்வாக, இன்னொன்று பின்னாலிருந்து முதுகு ஓரத்தைக் காட்ட. ஃபிளாஷ் தூங்கிப் போய்ச் சென்சார் அழைத்ததும் விழிக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கும், கடையில் கிடைக்கும் வேவுக் கேமராவே போதும் என்றால், 850 நானோமீட்டர் அகச்சிவப்பு வகையில் லேசான சிவப்புப் புள்ளி தெரியும், 940இல் தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறைவு. இரண்டிலுமே இரவுப் படம் கறுப்பு வெள்ளைதான்.

அப்புறம் ஈரம். ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். ராத்திரி முழுக்க விட்டுவைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, லென்ஸுக்கு முன்னால் நீளமான ஹூட் (மறைப்புக் குழல்) மாட்டிவிட்டால் சாயங்கால மழையையும் தாங்கும்.