பெற்றோரே குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால்: சட்டம் கேட்டு எம்.பி.க்கு மனு எழுதுவது எப்படி

கணவன் மனைவிக்குள் பிரச்சினை, ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் குழந்தையோடு விமானம் ஏறி இந்தியா வந்துவிடுகிறார். அங்கே தவித்து நிற்பவருக்கு இன்று இருக்கும் வழி இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, இல்லாவிட்டால் குடும்ப நீதிமன்றத்தில் காப்பாளர் வழக்கு. இப்படிக் கொண்டுபோன குழந்தையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே சீக்கிரம் திருப்பி அனுப்புவதற்கென்று 1980இல் உருவான ஹேக் ஒப்பந்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இலங்கை 2001லேயே சேர்ந்து தனிச் சட்டமும் இயற்றிவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை.

இதை மாற்றச் சொல்லி எழுதுவதென்றால், முதலில் இதுவரை நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலில் மனு முடிந்துவிடக் கூடாது. சட்ட ஆணையம் 2009இல் தன் 218வது அறிக்கையில் சேரலாம் என்றது, 2016இல் 263வது அறிக்கையோடு மசோதா வரைவையே கொடுத்தது. இதே விஷயத்தை ஆராய்ந்த, நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையிலான குழு 2018 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. இதற்கிடையே பிரிட்டனிலிருந்து பிள்ளைகளோடு கோவைக்கு வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில், அவர்கள் அங்கே திரும்ப வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில் அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை, வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு கவனிக்க வேண்டிய பல விஷயங்களில் ஒன்றுதான், குழந்தையின் நலனே முக்கியம் என்றது. எந்த வழக்கு எப்படி முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலைமை. மனுவின் முதல் பத்தியில் இது வரட்டும்.

அடுத்தது கோரிக்கை. இங்குதான் பலர் "ஹேக் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். குழந்தையைக் கொண்டுபோகிறவர்களில் பெரும்பான்மை தாய்மார்கள், அவர்களில் அடி உதைக்குப் பயந்து ஓடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் 13வது பிரிவு குழந்தைக்குக் கடும் ஆபத்து இருந்தால் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என்கிறது, ஆனால் குடும்ப வன்முறை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆஸ்திரேலியா 2022இல் தன் விதிகளைத் திருத்தி, நீதிமன்றம் குடும்ப வன்முறையைக் கருத்தில் கொள்ளலாம் என்று தெளிவாக்கியது. நம் சட்டத்திலும் அது எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று விசா. கணவரின் வேலை விசாவை நம்பி அமெரிக்காவில் இருந்த பெண், மணமுறிவுக்குப் பிறகு எந்த உரிமையில் அங்கே போய் வழக்கு நடத்துவார்? குழந்தையைத் திருப்பி அனுப்பும் முன்பே தாய்க்கு விசா, தங்க இடம், பராமரிப்புச் செலவு, கைது செய்யமாட்டோம் என்ற உறுதி, இவையெல்லாம் அந்த நாட்டு நீதிமன்ற உத்தரவாகவே வர வேண்டும் என்று எழுதுங்கள். வெறும் வாய்மொழி உறுதி எல்லை தாண்டியதும் செல்லாது.

குழந்தையைப் பிரிந்து நிற்கும் பெற்றோருக்காகவும் அதே அழுத்தத்தோடு கேளுங்கள்: வழக்கில் முடிவு சொல்ல ஒப்பந்தம் எதிர்பார்க்கும் ஆறு வாரக் கெடு, வழக்கு நடக்கும்போதே வீடியோ அழைப்பில் குழந்தையோடு பேசும் உரிமை, விண்ணப்பங்களைக் கவனிக்க ஒரு மைய அமைப்பு. சென்னையிலிருந்து குழந்தை வெளிநாட்டுக்குப் போய்விட்டால் இங்குள்ள அப்பாவோ அம்மாவோ இந்த ஒப்பந்தத்தின் வழியாக விண்ணப்பிக்க முடியாது என்பதையும் எம்.பி.க்குச் சொல்லுங்கள், பலருக்கு இது வெளிநாட்டு இந்தியர் பிரச்சினை என்ற எண்ணம்தான் இருக்கிறது.

சரி, எப்படி அனுப்புவது? இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தொகுதி எம்.பி.க்கும், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். எம்.பி.யிடம் குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: 2018 அறிக்கை மீது என்ன நடவடிக்கை என்று அவையில் கேள்வி எழுப்ப வேண்டும். அதே கேள்வியை நீங்களே 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவாகவும் போடலாம், ஆனால் இந்தியக் குடியுரிமை இருக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை போதாது. மக்களவை மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை அவர்கள் எடுக்கமாட்டார்கள், அதனால் சொந்த வழக்கை அதில் கலக்காதீர்கள். குழந்தையின் பெயரும் படமும் எந்த மனுவிலும் வேண்டாம்.