சுற்றுப்பாதை மலையேற்றம்: நான் தப்பாகப் போட்ட கணக்கும் சரியான கணக்கும்

மூன்றேகால் மணி நேரம் என்று கணக்கிட்டுக் கிளம்பிய ஒரு சுற்றுப்பாதையின் கடைசிக் கிலோமீட்டரைக் கைபேசி வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிக் கடந்திருக்கிறேன். வழி தவறவில்லை, மழை பெய்யவில்லை, கால் சுளுக்கவில்லை. கணக்குதான் தப்பு. தேசியப் பூங்கா ஒன்றில் ஒரே நாளில் முடியக்கூடிய, கிளம்பிய இடத்துக்கே வேறு வழியாகத் திரும்பும் நடுத்தரச் சுற்று ஒன்றைத் திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலணி, பை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

1. தடத்தைத் தேர்ந்தெடுப்பது

'நடுத்தரம்' என்ற அடைமொழியை நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு பூங்காவின் நடுத்தரம் இன்னொன்றில் கடினமாக இருக்கும். தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் மட்டும் பாருங்கள். சமதரையில் 10 கிலோமீட்டர் சிரமமில்லாமல் நடப்பவர் என்றால், 12 கிலோமீட்டரும் 800 மீட்டர் ஏற்றமும் முதல் முயற்சிக்குப் போதும். தடம் திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்பதைப் பூங்காவின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். பறவைகள் கூடு கட்டும் பருவம், காட்டுத்தீ அபாயம், மண்சரிவு என்று பல காரணங்களுக்காகத் தடங்களை மூடுவார்கள்.

2. ஏற்றத்தைக் கூட்டுவது

நான் விழுந்த குழி இதுதான். தொடங்கும் இடம் 1,100 மீட்டர், சிகரம் 1,600 மீட்டர். ஆக 500 மீட்டர் ஏற வேண்டும் என்று முடிவுகட்டினேன். ஆனால் மலை ஒரே மூச்சில் மேலே போவதில்லை. என் தடம் முதலில் 1,450 வரை ஏறி, 1,250க்கு இறங்கி, பிறகு 1,600ஐத் தொட்டது. அங்கிருந்து 1,400க்கு இறங்கி, மறுபடி 1,500க்கு ஏறி, அதன் பிறகே அடிவாரம். ஏற்றங்களை மட்டும் கூட்டுங்கள்: 350, 350, 100. மொத்தம் 800. இறங்கிய உயரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க வரைபடத்தில் சம உயரக் கோடுகளை எண்ண வேண்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் உயர வித்தியாசம் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும். 20 மீட்டர் என்றால், பெரும்பாலும் ஐந்தாவது கோடு தடிமனாக, 100 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். விரலைத் தடத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள். மேலே ஏறும்போது வெட்டும் கோடுகளை மட்டும் எண்ணுங்கள். செயலிகள் இதைத் தாமாகவே சொல்லும், உண்மைதான். ஆனால் ஒரே தடத்துக்கு இரண்டு செயலிகள் இரண்டு விடை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வேன்.

3. நேரம்

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் உதவுகிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. என் தடத்தின் 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடமும் 800 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடமும் சேர்த்து 3 மணி 44 நிமிடம். இது உடல்திறன் உள்ளவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. புதியவர்கள் ஒன்றரையால் பெருக்குங்கள். ஓய்வுக்கு ஒரு மணி சேருங்கள். ஆறரை மணியைத் தாண்டிவிடும். நான் போட்டதைப்போல் இரு மடங்கு!

சூரியன் மறைவதற்கு இரண்டு மணி முன்பே முடியும்படி கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் என்றால் இன்னும் கூடுதலாக.

4. எந்தப் பக்கமிருந்து?

செங்குத்தான பக்கத்தை ஏறுவதற்கும் சாய்வான பக்கத்தை இறங்குவதற்கும் வைத்துக்கொள்வேன். ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். செங்குத்தில் இறங்கினால் முழங்கால் பேசும், சறுக்கலும் அதிகம். இதற்கு நேர் எதிராகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய முழங்கால் வேறு போலும். இரண்டு விதிவிலக்குகள்: பிற்பகலில் இடி மழை பெய்யும் பருவத்தில் திறந்த முகட்டை நண்பகலுக்கு முன் கடந்துவிட வேண்டும்; பனி உருகி வரும் ஓடையைக் காலையிலேயே தாண்ட வேண்டும், வெயில் ஏற ஏற நீரும் ஏறும்.

5. திரும்பும் இடம்

போன வழியே திரும்பும் தடத்தில் எங்கே அலுத்தாலும் திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் ஓர் இடத்துக்கு மேல் திரும்புவதைவிட முன்னே போவதே குறுகிய வழி. அந்த இடத்தை வீட்டிலேயே கண்டுபிடியுங்கள். என் தடத்தில் 4.5ஆவது கிலோமீட்டரில் அந்த 1,250 மீட்டர் பள்ளம் வருகிறது. நெய்ஸ்மித் கணக்குப்படி அங்கிருந்து திரும்ப 1 மணி 14 நிமிடம், முன்னே போக 2 மணி 15 நிமிடம். 6.5ஆவது கிலோமீட்டரில் சிகரத்தில் நின்றால் கணக்கு தலைகீழ்: திரும்ப 1 மணி 38, முன்னே 1 மணி 16. ஆக, முடிவு பள்ளத்தில்தான் எடுக்க வேண்டும், சிகரத்தில் அல்ல. காலை 8 மணிக்குக் கிளம்பினால், 11.30க்குள் பள்ளத்தைத் தொடாவிட்டால் திரும்பிவிடுவது என்று தாளில் எழுதிக்கொள்கிறேன். மேலே போனபின் மனம் பேரம் பேசும், தாள் பேசாது.

6. கைபேசியும் தாளும்

விமானப் பயன்முறையில்கூட ஜிபிஎஸ் வேலை செய்யும். மின்கலமும் நெடுநேரம் வரும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். ஓஎஸ்எம்ஆண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலி எனக்குப் பிடித்தது. தோற்றம் கரடுமுரடு, ஆனால் சம உயரக் கோடுகளை இணைய இணைப்பின்றியே காட்டும். அவற்றைத் தனியாக இறக்க வேண்டும் என்பதை மறந்து ஒருமுறை வெறும் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே இணையத்தை அணைத்துவிட்டு வீட்டிலேயே திறந்து பாருங்கள். காகித வரைபடமும் தலைவிளக்கும் கட்டாயம். நீங்கள் போகும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: அடிவாரத்தில் வெயில் என்று சட்டையோடு போய் மேலே நடுங்கியதாக ஒருவர் எழுதியிருந்தார். சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். காற்றடித்தால் இன்னும் குளிரும். முன்னறிவிப்பைச் சிகரத்தின் உயரத்துக்குப் பாருங்கள், அடிவார ஊருக்கு அல்ல.

இன்னொரு சேர்க்கை: மலையேறுபவர்கள் விசில் எடுத்துப் போவது எதற்கு என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆபத்தில் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். அதைக் கேட்டவர்கள் தரும் மறுமொழி நிமிடத்துக்கு மூன்று ஊதல். குழுவாகப் போகிறவர்களுக்கு: மேலே சொன்ன நேரக் கணக்கு முழுவதையும் மிக மெதுவாக நடப்பவரை வைத்துப் போடுங்கள். எங்கள் குழுவில் அது நான்தான்.