மீன் குடலைக் கெடுக்கும் குளத்தங்கரைப் பழக்கங்கள்

ஐப்பசி அடைமழையில் கட்லாவின் செதிலடியில் சிவப்பு தெரிந்தால், டெல்டாவில் பலர் உடனே தேடுவது ஆன்டிபயாடிக். பெரிய தவறு அதுதான். இந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வெளியூரிலிருந்து வந்ததல்ல; நல்ல குளத்துத் தண்ணீரிலும் மீன் குடலிலும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். குடல் சுவரை ஏற்கெனவே பிடித்திருக்கும் பாக்டீரியாக்கள் அதற்கு இடமும் இரையும் விடுவதில்லை. குடல் செல்களைத் தூண்டி நோய் எதிர்ப்பை விழிப்போடு வைப்பதும் அவைதான். கிருமியே இல்லாமல் வளர்த்த வரிக்குதிரை மீன்களில் தற்காப்பு மரபணுக்கள் சில மந்தமாக இருந்ததை 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு மருந்து போட்டால் காவலும் சேர்ந்து போகும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்கு மீன் வளர்ப்பில் தடையே உண்டு. உயிரோடிருக்கும் நோய்கண்ட மீனை ஆய்வுக்கூடத்தில் காட்டிய பிறகே மருந்து.

அடுத்தது புண்ணாக்கு. மழைக்காலத்தில் சுவரோரம் அடுக்கிய சாக்கில் பூஞ்சை பூத்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும். அது ஈரலையும் எதிர்ப்புத் திறனையும் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. விலை பார்க்காமல் அந்த மூட்டையைத் தூக்கி எறியுங்கள். நல்ல மூட்டையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகை மேல் வையுங்கள்.

புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியாப் பொடி, வாங்குவோர் செய்யும் தவறு கலக்குவதில். சுடுகஞ்சியில் கரைத்தால் அதிலுள்ள லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா செத்துவிடும். பேசில்லஸ் வகையின் உறங்குநிலை வித்துகள் மட்டும் ஓரளவு தாங்கும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் ஆகாது. முழுக்க ஆறிய கஞ்சியில் கரைத்து, தவிடு–கடலைப் புண்ணாக்கில் பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றே போடுங்கள். பாக்கெட்டில் கிராமுக்கு 100 கோடி பாக்டீரியா என்றிருந்தால், கிலோ தீவனத்துக்கு 1 கிராம் சேர்க்க, தீவனத்தில் கிராமுக்கு 10 லட்சம் வரும். எண்ணிக்கையே அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். ஒருமுறை போட்டால் குடலில் குடியேறிவிடும் என்பதும் கனவு. தீவனத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மறைந்துவிடும்.

காலையில் கிருமி கொல்லும் பர்மாங்கனேட், மாலையில் புரோபயாடிக் என்பது காசைத் தண்ணீரில் கரைப்பது; நல்ல பாக்டீரியாவும் அதில் செத்துவிடும். மூன்று நான்கு நாளாவது இடைவெளி விடுங்கள்.

வெல்லம் சேர்த்து ஊறவைத்த புரோபயாடிக் கரைசலை மேகமூட்டமான நாளில் குளத்தில் ஊற்றுவதும் ஆபத்து. பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜனைத் தின்னும். விடிகாலையில் மீன் வாயைப் பிளந்து மேலே வரும். மூச்சுத் திணறிய மீனின் குடலும் நிலைகுலையும், ஏரோமோனாஸுக்கு வழி திறக்கும். வானம் மூடியிருந்தால் கரைசலைத் தள்ளிப்போட்டு, தீவனத்தைப் பாதியாக்கி, நள்ளிரவிலிருந்தே ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவியை) ஓட்டுங்கள்.