தேயிலைப் பெட்டியில் குலைந்த தமிழ்: பொதியுறை வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் என்னிடம் வேலை பழகும் இளைஞர்கள் இருவர், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவற்றைச் சென்ற வாரம் செய்யவிருந்தார்கள். மங்கலான படம், எழுத்துப்பிழை போன்றவை எல்லாரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

திருத்தக்கூடிய எழுத்தோடு கோப்பை அச்சகத்துக்கு அனுப்புவது

அந்தத் தவற்றை நான் செய்தது, தைப்பூசக் காவடிக்கு முன் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு வனிலாத் தேயிலைப் பெட்டியில். ஆங்கிலமும் பிரெஞ்சும் போதும் என்ற வாடிக்கையாளரிடம் வாதாடி, முகப்பில் ‘தேயிலை’ என்று பெரிதாக வைத்தவன் நான். நிகர எடையில் கடைசி நேரத் திருத்தம் வரலாம் என்று எண்ணி, எழுத்துகளை வடிவக்கோடுகளாக, அதாவது தட்டச்சில் திருத்த முடியாத வெறும் உருவங்களாக, மாற்றாமலே கோப்பை அனுப்பினேன். எடையைத் திருத்துவதற்காக அச்சகத்தார் அதைத் தங்கள் பழைய மென்பொருளில் திறந்தபோது தமிழ் குலைந்தது. அங்கே தமிழ் படிப்பவர் எவரும் இல்லை.

யூனிகோடில் ‘தே’ என்பது தகரம் முதலிலும் இரட்டைக் கொம்பு அதன் பின்னும் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில், தகரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு யகரத்துக்கு முன் போய் நின்றது. ஐகாரக் கொம்பு லகரத்துக்குப் பின்னால் தனித்து விடப்பட்டது. 4,000 பெட்டிகளும் அப்படியே அச்சாகி, வெட்டி, மடித்து வந்தன. செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது. ஆனால் இன்றும் என்னை உறுத்துவது பணமன்று. வாதாடி இடம் வாங்கிய சொல்லை நானே சிதைத்துவிட்டேன் என்பதுதான். ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறியதற்காக 1998இல் எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்ட நாடு இது. இங்கே பெட்டி மீதுள்ள ஒரு சொல்லையும் அலட்சியமாகக் கையாள முடியாது.

ஆகவே, வடிவமைப்பு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். வாசகத்தை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பின் எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றுங்கள். திருத்தக்கூடிய பிரதி உங்களிடமே இருக்கட்டும். எத்தனை சிறிய திருத்தமானாலும் அதை நீங்களே செய்து, உண்மை அளவில் தாளில் எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கருநிறப் பின்னணியில் பொடி எழுத்து

வெள்ளை எழுத்தைச் சுற்றி மை பரவும்போது முதலில் மூடிப்போவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். சேர்பொருள் பட்டியலை வெளிர்நிறப் பரப்பில் கறுப்பு எழுத்தில் வையுங்கள்.

பார்கோட்டை அழகுக்காக மாற்றுவது

சிவப்புக் கோடுகளைச் சிவப்பொளியில் படிக்கும் ஸ்கேனரால் பார்க்க முடியாது. நம் ஊரில் பதிவான, 609இல் தொடங்கும் எண் கொண்ட பார்கோட்டுக்கு முழு அளவில் 37.29 மி.மீ. அகலம் வேண்டும், அந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. இரு பக்கமும் விட வேண்டிய வெற்றிடமும் இந்த அகலத்தில் அடங்கும் என்பதை மறந்து, அங்கே ஒரு பூவோ கோலமோ வைக்கப் பலருக்குக் கை துறுதுறுக்கிறது.

ஒட்டும் மடிப்பில் வாசகம் வைப்பது

பசைக்கு அடியில் மறைந்துவிடும்.

வாய்மொழி ஒப்புதல்

வேண்டாம். அச்சுக்கு முன் சரிபார்க்க எடுக்கும் மாதிரியான அச்சுச் சான்றில் வாடிக்கையாளரின் கையொப்பம் வாங்குங்கள்.