வயசான பெட்டையின் முட்டை பொரிக்கவில்லையா? உடைத்துப் பாருங்கள்

எங்கள் செவலைப் பெட்டைக்கு நாலு வயது முடிந்துவிட்டது. போன சித்திரையில் அதன் முட்டைகள் 13 சேர்த்து அடை வைத்தேன். நாலு குஞ்சுதான் இறங்கியது. "கிழட்டுக் கோழி, அறுத்துக் குழம்பு வை" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. கழிச்சல் நோயில் மற்றவை சாய்ந்தபோதும் நின்ற கோழி அது. அதன் வர்க்கம்தான் எனக்கு வேண்டும்.

23ஆம் நாள், மீந்த ஒன்பதையும் தோட்டத்தில் வைத்து உடைத்தேன். நாற்றம் தாங்காது, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஐந்தில் கருவே கூடவில்லை. மூன்றில் கரு ஆரம்பத்திலேயே செத்து ரத்தக்கோடு மட்டும் இருந்தது. ஒன்றில் முழுக் குஞ்சு, சவ்வோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

கரு கூடவில்லை என்றால் முதலில் சேவலைப் பாருங்கள். எங்கள் சேவலுக்கும் பெட்டையின் வயதுதான். ஒரு வயதுச் சேவலை மாற்றி விட்டேன். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம்கூடத் தங்கும். அதனால் மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டைதான் புதுச் சேவலுடையது.

ஆரம்பத்தில் கரு செத்ததற்கு நான்தான் காரணம். இளம் பெட்டை கிட்டத்தட்ட தினமும் இடும். செவலை இரண்டு நாளைக்கு ஒன்றுதான் இடும். 13 சேரும்வரை காத்திருந்தேன். முதல் முட்டைக்கு அதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதுவும் சித்திரை வெயிலில். வயசான கோழி முட்டையில் வெள்ளைக்கரு ஏற்கெனவே தண்ணியாக இருக்கும், சீக்கிரம் கெடும். இப்போது பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி, ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் துணி விரித்து அடுக்குகிறேன். ஐந்து நாளுக்கு மேல் போனால் அது சமையலுக்கு. அப்படிச் சேர்வது இரண்டு மூன்றுதான். மீதிக்கு வேறு பெட்டைகளின் முட்டையைச் சேர்த்து, இளம் அடைக்கோழியின் கீழ் வைத்துவிடுவேன்.

இன்னொன்று, கிழப் பெட்டையின் முட்டை பெரிசு. 13 முட்டையை மூடும் கோழிக்கு இது பத்துக்கு மேல் அடங்காது. ஓரத்தில் பிதுங்குபவை குளிர்ந்துபோகும்.

காய்ந்து செத்ததற்கு ஓடு மெலிந்ததும் காரணம். மெல்லிய ஓட்டின் வழியே ஈரம் அதிகம் போய்விடும். கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டிய அளவு அதுவே கொத்தும். முருங்கைக்கீரையும் போடுங்கள். சொரசொரப்பான, கோணலான முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். 18ஆம் நாளிலிருந்து, கோழி இரைக்கு எழுந்திருக்கும் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் லேசாகத் தெளிப்பேன். இன்குபேட்டர் என்றால் தட்டில் தண்ணீரைக் கூட்டி, மூடியைத் திறக்காமல் விடுங்கள்.

ஏழாம் நாள் இரவு, அட்டையில் ஓட்டை போட்டு, அதன்மேல் முட்டையை வைத்து, கீழிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் மாதிரி நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிவதை எடுத்துவிட்டால், மிச்ச முட்டைக்குச் சூடு நன்றாகக் கிடைக்கும்.