மாங்கூழ் ஏற்றுமதி: பையரைத் தேடும் முன்பே செய்துவிடும் தவறுகள்

காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஏற்றுமதி என்று ஆரம்பித்தாலே, துபாயில் சரக்கு வாங்கும் பையர் யாராவது தெரியுமா என்றுதான் கேட்பார்கள். பையர் கிடைப்பார். அவர் கேட்கிற சரக்கு நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்குவதில்தான் பணம் போகிறது.

சாம்பிளுக்கு ஒரு பழம், கன்டெய்னருக்கு ஒரு பழம் என்பது இங்கே சகஜம். பெங்களூரா ரகக் கூழுக்குப் பெரும்பாலும் குறைந்தது 14 பிரிக்ஸ் (இனிப்பை அளக்கும் அளவு), அல்போன்சா ரகத்துக்கு 16 என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். நல்ல தோப்புப் பழத்தை அரைத்து சாம்பிள் அனுப்பிவிட்டு, மண்டியில் விலை இறங்கிய நாளில் வாங்கிய முற்றாத காயைக் கல் வைத்துப் பழுக்கவைத்து அரைத்தால் நிறம் வரும், இனிப்பு வராது, கார்பைடு கல்லுக்குச் சட்டப்படி தடை இருப்பது தனிக்கதை. 215 கிலோ டிரம் 80 ஏற்றினால் 20 அடி கன்டெய்னரில் 17 டன்னுக்கு மேல் வரும். அது சவூதியின் ஜெத்தா துறைமுகத்தில் இறங்கிய பிறகு விலையைக் குறை என்று பையர் சொன்னால், திருப்பிக் கொண்டுவர ஆகும் செலவை நினைத்து நாம் தலையாட்ட வேண்டியதுதான்.

அடுத்தது பூச்சிமருந்து. தோப்பு நம்முடையது, ஆனால் பூ எடுக்கும்போதே குத்தகைக்கு விட்டாச்சு, குத்தகைக்காரர் என்ன அடித்தார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் தனி வரம்பு இல்லாத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் எச்சம்தான் அனுமதி. இங்கே கடைகளில் சாதாரணமாக விற்ற குளோர்பைரிபாஸுக்கே 2020-ல் அங்கே அனுமதியை நீட்டிக்கவில்லை. எனவே குத்தகைப் பத்திரத்திலேயே மருந்துக்கடை பில்லைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள், அரைப்பதற்கு முன்பே பழத்தை லேபில் பார்த்துவிடுங்கள். பழமாகவே அனுப்பலாம் என்றால் பழ ஈயையும் பார்க்க வேண்டும், 2014-ல் அதற்காகத்தான் ஐரோப்பா நம் மாம்பழத்தைச் சில மாதம் நிறுத்தி வைத்தது.

காகித வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஏற்றுமதி, இறக்குமதி செய்ய வாங்க வேண்டிய ஐஇசி எண்ணுக்கு ஆன்லைனில் 500 ரூபாய்தான், அதற்கு ஏஜென்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களும் உண்டு. அப்புறம் வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபீடாவில் பதிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய உரிமம். ஆனால் ஒன்று, ஐஇசி விவரங்களை வருடாவருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும், விட்டால் எண் முடங்கிவிடும். நமக்கு அது தோப்பும் ஃபேக்டரியும் தலைக்குமேல் வேலை வைக்கிற நேரம், அதனால்தான் மறந்துபோகிறது.

மீனையும் இப்போது சிலர் இதே வேகத்தில் சொல்கிறார்கள், தர்மபுரியில் குளம் வெட்டுங்கள், கட்லாவை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று. எந்த ஆலையில் பதப்படுத்துவீர்கள், அதற்கு ஏற்றுமதி அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்த மருந்து மீனில் துளி தெரிந்தாலும் சரக்கு நிற்கும். கரையிலேயே உயிரோடு எடை போட்டு வாங்க ஆள் இருக்கும்போது கட்லாவுக்கு இப்போதைக்கு அந்த வழி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கடைசியாகப் பணம். முதல் ஆர்டரிலேயே சரக்கை எடுத்துக்கொண்டு 90 நாள் கழித்துத் தருகிறேன் என்பவரிடம், நம்ம ஊர்க்காரர் சொன்ன பையர் என்றாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி முன்பணம் அல்லது எல்சி (பையரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) கேளுங்கள், கடனுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பையர் பணம் தராவிட்டால் ஈடு தரும் ஈசிஜிசி காப்பீடு எடுத்த பிறகு கன்டெய்னரைச் சென்னைக்கு அனுப்புங்கள்.